ஐரிஷ் நடன மெட்டுகளுக்கு கிட்டார் துணை: எந்த ட்யூனிங், எந்த கார்ட், எங்கே கையை எடுப்பது?

#1 மழைக்கோட்டு (எனிஸ், கிளேர்)

வணக்கம். கிட்டார் எனக்குப் புதிதில்லை. ஊரில் சர்ச்சில் வாசித்திருக்கிறேன், கல்லூரி லைட் மியூசிக் குழுவில் வாசித்திருக்கிறேன். கார்ட் எழுதிய தாள் கையில் இருந்தால் எந்தப் பாட்டையும் ஒப்பேற்றிவிடுவேன். இப்போது வேலை அயர்லாந்தில், எனிஸில். இங்கே ஏதாவது ஒரு பப்பில் செஷன் இல்லாத நாள் குறைவு. இரண்டு ஃபிடில் (நம்ம வயலின்தான்), ஒரு கான்செர்டினா (கையடக்கத் துருத்திக் கருவி), ஒரு குழல், நடுவில் ஒரு மேஜை, அவ்வளவுதான். மைக் கிடையாது, மேடை கிடையாது. கிட்டாரோடு போய் நின்றால் நாற்காலியை நகர்த்தி இடமும் கொடுக்கிறார்கள்.

உட்கார்ந்த பிறகுதான் சிக்கல். அடுத்தது என்ன மெட்டு என்று யாரும் சொல்வதில்லை. ஒருவர் தொடங்குவார், இரண்டாவது சுரத்திலேயே மற்றவர்கள் சேர்ந்துவிடுவார்கள். ஒரு மெட்டை மூன்று முறை சுற்றியதும் நிற்காமலே அடுத்ததற்குத் தாவுவார்கள், அது வேறு சுருதியில் இருக்கும். வீட்டுக்கு வந்து இணையத்தில் கார்ட் தேடினால், ஒரே மெட்டுக்கு ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு கார்ட். ரீல் (நான்கின் நடையில் வரும் ஆட்ட மெட்டு) என்றால் எப்படியோ ஓட்டிவிடுகிறேன். ஜிக் (மூன்றின் நடை) வந்தால் வலது கை தடுமாறுகிறது. அப்புறம், நான் முழு ஜி மேஜர் அடித்தால் கான்செர்டினா அம்மா புன்னகையோடு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். அந்தப் புன்னகைக்கு என்ன அர்த்தம்?

எந்த ட்யூனிங் வைப்பது, என்ன வாசிப்பது, எப்படித் தட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 ஆறாம்தந்தி (டப்ளின்)

வாங்க. முதல் வேலையாக ட்யூனிங்கை மாற்றுங்கள். தடித்த தந்தியிலிருந்து டி, ஏ, டி, ஜி, ஏ, டி. எல்லோரும் டாட்காட் என்பார்கள். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்காரர் டேவி கிரஹாம் மொராக்கோவில் ஊத் என்ற அரபுத் தந்திக் கருவி வாசிக்கும் கலைஞர்களோடு சேர்ந்து வாசிப்பதற்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அயர்லாந்துக்குள் இதைக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் மீஹால் ஓ டோனல். 1971இல் ஸ்காரா ப்ரே குழுவின் இசைத்தட்டில் கேட்கலாம். பிறகு 1970களின் நடுவில் பாத்தி பேண்ட் குழுவில் அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு ஒரு தலைமுறையே தந்திகளை இறக்கிக் கட்டியது.

ஏன் இது? இந்த மெட்டுகளில் பெரும்பாலானவை டி, ஜி இவற்றைச் சுற்றியே நடக்கும். டாட்காட்டில் டி, ஏ எப்போதும் திறந்த தந்தியில் முழங்கிக்கொண்டே இருக்கும். ஆறாவது, ஐந்தாவது தந்திகளில் ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தி மற்றதைத் திறந்து விட்டால் அது ஒரு ஜி. அதில் பி சுரம் இருக்காது. உங்கள் கான்செர்டினா அம்மா திரும்பாமல் இருப்பதற்கு அது போதும்.

#3 டிராப்டி (கார்க்)

ஆறாம்தந்தி வந்தால் டாட்காட் வரும் என்று தெரியும் :)

மழைக்கோட்டு, அவசரப்படாதீர்கள். வழக்கமான ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் இத்தனை காலம் பழகிய இடது கையைக் குப்பையில் போட வேண்டியதில்லை. ஆறாவது தந்தியை மட்டும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள், டிராப் டி. டைரோன் மாவட்டத்து ஆர்ட்டி மக்ளின் இப்படித்தான் வாசித்தார். ஷோபேண்டுகளில் (நடன ஹால் மேடைக் குழுக்களில்) எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துவிட்டு மரபு இசைக்குத் திரும்பியவர் அவர். சோலஸ் குழுவின் ஜான் டாயில் வாசிப்பதும் டிராப் டிதான். அவருடைய வலது கையைக் கேட்ட பிறகு, டாட்காட் இல்லாமல் ஐரிஷ் வராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கணக்குப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே கொஞ்சம்தான். கீழ் நான்கு தந்தியும் இரண்டிலும் டி, ஏ, டி, ஜி. மாறுவது மேலே உள்ள இரண்டு மட்டும்: டாட்காட்டில் ஏ, டி, டிராப் டியில் பி, ஈ. செஷனில் உங்களுக்கு வேலை பெரும்பாலும் கீழ் நான்கில்தான்.

#4 ஆறாம்தந்தி

அந்த இரண்டு தந்திதான் விஷயமே. டிராப் டியில் மேலே கை தவறி பட்டால் ஒரு பி அல்லது ஈ துருத்திக்கொண்டு வரும். டாட்காட்டில் தவறி பட்டாலும் ஏ, டி. யாருக்கும் உறுத்தாது.

#5 டிராப்டி

தவறி படாமல் வாசிக்கக் கற்றுக்கொள்ளலாமே அண்ணா. டாட்காட்டில் எங்கே தொட்டாலும் இனிமையாக இருக்கிறது என்பதுதான் அதன் ஆபத்து. என்ன கார்டில் இருக்கிறோம் என்று தெரியாமலே ஒருவர் ஒரு முழு செஷனையும் ஓட்டிவிடலாம். ஓட்டுகிறார்கள். பார்த்திருக்கிறேன்.

#6 குழல்காரி (கால்வே)

மரக்குழல் வாசிக்கிறேன். கிட்டாருக்கு எதிர்ப் பக்கத்து நாற்காலியில் உட்காருபவள், எனவே அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ட்யூனிங் சண்டையை அண்ணன்மார் இரண்டு பேரும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு, அந்தப் புன்னகைக்குக் காரணம் இருக்கிறது. இந்த மெட்டுகள் யாரும் கார்ட் போடுவார்கள் என்று நினைத்து உருவானவை அல்ல. எட்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ஒரு பகுதி இரண்டு முறை, அடுத்த பகுதி இரண்டு முறை, மொத்தம் 32 பார். ஃபிடில், குழல், பைப் (துருத்திக் காற்றில் ஒலிக்கும் குழல் கருவி), அக்கார்டியன் எல்லாமே ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். ஒவ்வொருவரும் தம் கருவிக்கு ஏற்ப ரோல், கட் என்று அலங்காரம் மாற்றுவார்கள். ஹார்மனி என்பது அதற்குள் கிடையாது. தனியாக ஒரு ஃபிடில் வாசித்தாலே மெட்டு முழுமை.

இன்னொன்று. பழைய பாணியில் வாசிக்கிறவர்கள் சி, எஃப் இரண்டையும் பியானோ கட்டை சொல்கிற இடத்தில் வைப்பதில்லை. சி நேச்சுரலுக்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் ஒரு சி வரும், பைப்பிலும் குழலிலும் அது இயல்பு. அந்த நேரத்தில் நீங்கள் ஏ மேஜரை ஆறு தந்தியிலும் விரித்து அடித்தால், உங்கள் சி ஷார்ப் எங்கள் சி-யைப் பிடித்து இழுக்கிறது. மேஜரா மைனரா என்று மெட்டே முடிவு செய்யாத இடத்தில் கிட்டார் முடிவு செய்துவிடுகிறது. அதனால்தான் மூன்றாம் சுரம் இல்லாத கார்டுகளுக்கு இவ்வளவு மரியாதை. டியும் ஏ-யும் போதும், எஃப் ஷார்ப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இது இன்று வந்த பிரச்சினையும் இல்லை. ஸ்லைகோவிலிருந்து நியூயார்க் போன ஃபிடில் மேதை மைக்கேல் கோல்மனின் 1920களின் இசைத்தட்டுகளைக் கேளுங்கள். ஃபிடில் பறக்கும். பின்னால் பியானோக்காரர் சில தட்டுகளில் வேறு ஏதோ ஊரில் இருப்பார். மெட்டு மைனர் பக்கம் சாயும்போது அவர் மேஜரில் பூம்-சக் (பேஸ், கார்ட் என்று மாறி மாறி) போட்டுக்கொண்டிருப்பார். அதே தட்டுகளை வைத்துத்தான் அயர்லாந்து முழுக்க ஃபிடில்காரர்கள் பாடம் படித்தார்கள், பியானோவைக் காதால் வடிகட்டிவிட்டு.

#7 தாளக்கட்டு (திருச்சி)

நான் மிருதங்கம். ஐரிஷ் கேட்பதோடு சரி. குழல்காரி அக்கா சொன்னதைப் படித்தால் ஒரு சந்தேகம். இந்த மெட்டுகளின் ஸ்கேல்களில் டோரியன் என்பது நம்ம கரகரப்பிரியா, மிக்ஸோலிடியன் ஹரிகாம்போதி, சுர அளவில் அவ்வளவுதானே? மெலடி முழுமை, கூடவே ஒரு ட்ரோன் என்றால் தம்புரா வைத்தால் முடிந்தது. கார்டே எதற்கு?

#8 கில்பர்ன்காரன் (லண்டன்)

நல்ல கேள்வி. ஆனால் கார்ட் முழுக்க வெளியிலிருந்து வந்தது எண்டும் சொல்ல ஏலாது. இலன் பைப்பில் (அயர்லாந்து பைப்) ட்ரோனோடு சேர்த்து ரெகுலேட்டர் எண்டு மூன்று குழாய்கள் இருக்கும். பைப் வாசிக்கிறவர் மடியில் கிடக்கிற அந்தச் சாவிகளை மணிக்கட்டால் தட்டி, மெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்ட் கொடுப்பார். லியோ ரௌசம் அதை நிறையப் பாவித்தவர். கொடுக்கக்கூடிய கார்டுகள் கொஞ்சம்தான், அதுவும் தாளத்துக்காகத் தட்டுகிற தட்டு. ஒரு நல்ல கிட்டார்காரர் அங்கேயிருந்து படிக்கலாம்: எல்லா பீட்டிலும் தட்ட வேணும் எண்டு இல்லை, எல்லா பாரிலும் கார்ட் மாற்ற வேணும் எண்டும் இல்லை.

மற்றது, 1960களின் நடுவில் ஜானி மொய்னிஹன் கிரேக்க நாட்டு புசூக்கியை (நீண்ட கழுத்துத் தந்திக் கருவி)க் கொண்டுவந்தார். டோனல் லன்னி, ஆண்டி இர்வின், அலெக் ஃபின் எல்லாரும் அதை எடுத்தார்கள். புசூக்கி வந்த பிறகுதான் துணைக்கருவி எண்டால் பூம்-சக் மட்டுமில்லை எண்டு கனபேருக்கு விளங்கினது. கிட்டார்காரர்கள் டாட்காட்டுக்குப் போனதும் கிட்டத்தட்ட அதே காலம்தான்.

#9 தாளக்கட்டு

நன்றி அண்ணா. ரெகுலேட்டர் வீடியோ பார்த்தேன். விரல் பத்தும் மெட்டில் இருக்கும்போது மணிக்கட்டால் கார்ட்! தனி ஆவர்த்தனம் வைக்கலாம் போல.

#10 மழைக்கோட்டு

சரி, மூன்றாம் சுரத்தை விடுகிறேன். ட்யூனிங் இப்போதைக்கு டிராப் டி (மன்னிக்கணும் ஆறாம்தந்தி அண்ணா, ஒரே தந்தி என்பதால்). ஆனால் சுருதி எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த மெட்டு வந்ததும் மற்றவர்கள் பறந்துவிடுகிறார்கள், நான் டியா ஜியா என்று தேடிக்கொண்டிருக்கும்போது முதல் எட்டு பார் போய்விடுகிறது.

#11 குழல்காரி

அது போகட்டும். போக விடுங்கள். முதல் சுற்றில் வாசிக்காமல் கேட்பதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள், நிம்மதியாகத்தான் இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எங்கள் குழலும் விசிலும் டியில் அமைந்தவை. அதனால் செஷனில் வரும் மெட்டுகளில் பெரும்பகுதி இரண்டு ஷார்ப்பில் இருக்கும், இல்லையென்றால் ஒரு ஷார்ப்பில். இரண்டு ஷார்ப் என்றால் டி மேஜர், ஈ டோரியன், ஏ மிக்ஸோலிடியன், பி மைனர். ஒரு ஷார்ப் என்றால் ஜி மேஜர், ஏ டோரியன், டி மிக்ஸோலிடியன், ஈ மைனர். வித்தியாசம் சி மட்டும். ஆக இரண்டு கேள்விதான்: எட்டாவது பாரில் மெட்டு எந்தச் சுரத்தில் வந்து உட்காருகிறது? வழியில் வந்த சி ஷார்ப்பா, இல்லையா? பகுதி திரும்ப வருவதற்குள் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

ஃபிடில்காரர்கள் ஏ மேஜருக்குப் போவார்கள், மூன்று ஷார்ப். அது தனிக்கதை. அப்போது நாங்களும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாசிக்கிறோம்.

#12 டிராப்டி

ஒரு மெட்டை எடுத்து உடைத்துப் பார்ப்போம். கூலிஸ் ரீல். கால்வே மாவட்டம் பீட்டர்ஸ்வெல்லைச் சேர்ந்த அக்கார்டியன் கலைஞர் ஜோ கூலியின் பெயரில் வழங்குவது. எந்த செஷனிலும் வரும், ஈ டோரியன்.

முதல் பகுதி, எட்டு பார். 1, 2: ஈ. 3, 4: டி. 5, 6: ஈ. 7: டி. 8: பாதி டி, பாதி ஈ. முடிந்தது. டிராப் டியில் கீழ் மூன்று தந்தியையும் இரண்டாம் ஃப்ரெட்டில் ஒரே விரலால் அழுத்துங்கள்: ஈ, பி, ஈ. விரலை எடுத்தால் டி, ஏ, டி. ஒரு விரலில் ஒரு ரீல்.

இங்கே சினிமாப் பாட்டு பழகிய கைக்கு ஒரு பொறி இருக்கிறது. ஈ மைனருக்கு அடுத்து கை தானாகவே சி மேஜருக்கு ஓடும். ராஜா பாட்டில் ஓடலாம். இந்த மெட்டில் ஏழாவது பாரில் சி ஷார்ப் வருகிறது, எனவே சி மேஜர் இந்த வீட்டு ஆளே இல்லை. அதுபோலவே ஏ டோரியன் மெட்டில் எஃப் மேஜர் கூடாது, அங்கே எஃப் ஷார்ப். டி மிக்ஸோலிடியனில் ஏ மேஜர் கூடாது, அங்கே சி நேச்சுரல். பானிஷ் மிஸ்ஃபார்ச்சூன் ஜிக்கை டியையும் சி-யையும் வைத்தே முடித்துவிடலாம். இணையத் தாள்களில் பாதி இந்த மூன்று இடத்தில்தான் சொதப்பும். தாளைப் பார்த்ததும் இதைச் சரிபாருங்கள், தூக்கிப் போடுவதா வைத்துக்கொள்வதா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது சுற்றில் கொஞ்சம் அசைக்கலாம். இரண்டாவது பாரின் பின்பாதியில் மெட்டு டி, பி, ஏ, ஜி என்று இறங்கும், அங்கே ஒரு ஜி வைக்கலாம். ஏழாவது பாரின் பின்பாதியில் பி மைனர். மூன்றாவது சுற்றில் முதல் இரண்டு பாருக்கு பேஸை மட்டும் ஈ, எஃப் ஷார்ப், ஜி என்று படியேற்றி மூன்றாவது பாரில் டிக்கு இறங்கினால், எதிரில் இருப்பவர் கால் தட்டுவது மாறும். பாருங்கள்.

#13 குழல்காரி

பி மைனர் அழகுதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஏழாவது பாரில் தவறாமல் வந்தால் மூன்றாவது தடவை எனக்குக் கொட்டாவி வரும். முதல் சுற்று ஒரே ஈ-டி, அதோடு விடுங்கள். மாற்றம் வரும் என்று காத்திருக்க வைத்தால்தான் வரும்போது சுவை.

இன்னொரு சிறு விஷயம்: டியை ஆறாவது தந்தியில் எப்போதும் அடிக்காதீர்கள். அந்தக் கீழ் டி பெரிய சத்தம். இரண்டாவது பகுதி தொடங்கும் இடத்துக்கென்று வைத்திருங்கள்.

#14 மழைக்கோட்டு

ஒரு விரலில் கூலிஸ் வந்துவிட்டது! நன்றி. தலைவலி இப்போது ஜிக். யூடியூபில் ஒருவர் கீழ்-மேல் கீழ்-மேல் கீழ்-மேல் என்கிறார், இன்னொருவர் கீழ்-மேல்-கீழ் கீழ்-மேல்-கீழ் என்கிறார்.

#15 கில்பர்ன்காரன்

இரண்டாவது ஆள் சொல்வதைப் பிடியுங்கள் தம்பி. ஜிக் 6/8. தாளக்கட்டு தம்பிக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால் தகிட தகிட, ஒரு பாருக்கு இரண்டு திஸ்ரம். ஒவ்வொரு த-வும் பீட். கீழ்-மேல் மாறி மாறி அடித்தால் முதல் த கீழ்த் தட்டில் விழும், இரண்டாவது த மேல் தட்டில் விழும். மேல் தட்டு இயல்பிலேயே மெலிவு. அப்ப பார் ஒரு காலால் நடக்கும். கீழ்-மேல்-கீழ் எண்டால் இரண்டு த-வும் கீழ்த் தட்டு. மூன்றாவது கீழிலிருந்து அடுத்த முதல் கீழுக்குக் கை விரைவாக மேலே வரவேணும், அதுதான் ஆரம்பத்தில் இடறும். மெதுவாகத் தொடங்குங்கள், மணிக்கட்டைத் தளர்த்தி. 0.6 மில்லிமீட்டர் அளவில் மெல்லிய பிக் எடுங்கள். தடித்த பிக் தந்தியில் சிக்கி உங்கட தாளத்தை இழுக்கும்.

கை பழகின பிறகு ஆறு தட்டையும் அடிக்காதீர்கள். கை ஆறும் அசையட்டும், தந்தியில் படுகிறது இரண்டு அல்லது மூன்று போதும். மற்றதெல்லாம் காற்றில். இடது கையால் தந்தியை லேசாக மூடினால் டக் டக் எண்டு வரும், அதுவும் தாளம்தான்.

ஸ்லிப் ஜிக் 9/8, தகிட மூன்று. அதே கை, ஒரு தகிட கூட. ரீலுக்கு தகதிமி, கீழ்-மேல் மாறி மாறி. அழுத்தம் எங்கே வைப்பது எண்டதில்தான் ஆளுக்கு ஆள் பாணி. ஹார்ன்பைப் ரீல் மாதிரியே நாலு, ஆனால் நொண்டி நடை. கோர்க்-கெரி எல்லையில் ஸ்லீவ் லூக்ரா பக்கத்துப் போல்கா 2/4: அங்கே பீட்டில் அடிக்காமல் பீட்டுக்கு இடையில் அடிக்கிறதுதான் உயிர். ஸ்டீவ் கூனி நைலான் தந்தி கிட்டாரில் செய்தது அதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மனிசன், கெரி அக்கார்டியன்காரர் ஷேமஸ் பெக்லியோடு 1990களில் வாசித்ததைக் கேட்டால் கதிரையில் இருக்க ஏலாது.

#16 தாளக்கட்டு

"மற்றதெல்லாம் காற்றில்." எங்கள் வாத்தியார் இதையே கத்திச் சொல்வார்.

#17 லூக்கன்_அம்மா (டப்ளின்)

நடன மெட்டு என்கிறீர்கள், நடனத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? என் மகள் ஐரிஷ் நடனப் பள்ளிக்குப் போகிறாள். ஃபெஷ் எனப்படும் போட்டிகளுக்கு வார இறுதி எல்லாம் போய்விடுகிறது. அங்கே வேகம் கட்டாயம். மெட்ரோனோம் எண் சொல்லித்தான் மேடையேற்றுவார்கள். ரீல் 113. கடின ஷூ போட்டு ஆடும் ட்ரெபிள் ஜிக் 73 வரைக்கும் இறங்கும், ஏனென்றால் ஒரு பீட்டுக்குள் அத்தனை தட்டு காலால் வர வேண்டும். 73இல் ஒரு ஜிக்கைக் கேட்டால் உங்கள் செஷன் ஆட்கள் தூங்கிவிடுவார்கள். ஆடுகிறவளுக்கு மூச்சு விட நேரமிருக்காது.

வாசிப்பவர்கள் பெரும்பாலும் அக்கார்டியனும் கீபோர்டும். கிட்டாரை நான் அங்கே பார்த்ததே அபூர்வம். ஏன்?

#18 ஆறாம்தந்தி

சகோதரி, நல்ல இடத்தில் தொட்டீர்கள். மேடையில் குழந்தை ஆடும்போது அவளுக்குத் தேவை முதல் பீட் எங்கே என்பது, சந்தேகத்துக்கு இடமில்லாமல். கீபோர்டின் இடது கை அதைக் கொடுக்கும். கிட்டாரில் ஜான் டாயில் மாதிரி பீட்டைத் தள்ளி விளையாடினால் கேட்கிறவனுக்குச் சந்தோஷம், ஒன்பது வயதுக் குழந்தைக்கு விபத்து.

கெய்லி பேண்டுகளிலும் (நடன ஹாலுக்கு வாசிக்கும் குழுக்கள்) அதே கதை. கிளேரின் கில்ஃபெனோரா கெய்லி பேண்ட் 1909இலிருந்து இருக்கிறது, டல்லா கெய்லி பேண்ட் 1946இலிருந்து. பியானோவும் டிரம்மும்தான் அங்கே முதுகெலும்பு. ஹால் நிறைய ஆட்கள் செட் ஆடும்போது மைக் இல்லாத கிட்டார் கேட்கவே கேட்காது. கிட்டார் வளர்ந்தது நடன ஹாலில் இல்லை. இசையை உட்கார்ந்து கேட்கத் தொடங்கிய இடங்களில்தான்: பப், கச்சேரி மேடை, இசைத்தட்டு. அதனால்தான் மழைக்கோட்டுக்கு பப்பில் நாற்காலி கிடைக்கிறது.

ஆனாலும் ஆடுகிறவர் ஒருவர் எழுந்துவிட்டால் நீங்கள் செய்யவேண்டியது அந்தக் கீபோர்டின் வேலை. கண் அவர் காலில் இருக்கட்டும். பேஸ் ஒவ்வொரு பீட்டிலும், நேராக.

#19 லூக்கன்_அம்மா

இப்போது புரிகிறது. மகளிடம் படித்துக் காட்டினேன். "கீபோர்ட் மாமா சரியாக வாசித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்" என்கிறாள்.

#20 டிராப்டி

மழைக்கோட்டுக்கு செஷன் ஒழுங்கு யாராவது சொன்னீர்களா? ஒரு கிட்டார் ஏற்கெனவே இருந்தால் உங்கள் கிட்டார் பெட்டியிலேயே இருக்கட்டும். அவர் அழைத்தால் முறை மாற்றி வாசியுங்கள், சேர்ந்து வேண்டாம். அவர் பி மைனர், நீங்கள் டி, நடுவில் ஃபிடில் என்றால் யாருக்கும் நல்லதில்லை. பௌரான் (கையில் பிடித்து வாசிக்கும் தோல் பறை) இருந்தால் அவர் கையைப் பார்த்து அழுத்தத்தை ஒத்துப்போங்கள், போட்டி வேண்டாம். மெட்டுகளைத் தொடங்குகிறவர் பக்கத்தில் உட்காருங்கள். அவருடைய காலும் வில்லும் தெரிந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

#21 குழல்காரி

டிராப்டி சொன்னதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அழைத்தால். கேட்டுவிட்டு உட்காருங்கள். ஒரு ஊரில் ஒரு பப்பில் மூன்று கிட்டாரும் இரண்டு பௌரானும் நடுவில் தனியாக நானும் மாட்டிக்கொண்ட ஒரு மாலை உண்டு. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன்.

#22 டிராப்டி

எனக்குத் தெரியும் எந்த ஊர் என்று :)

#23 தாளக்கட்டு

ஒரு கேள்வி. இவ்வளவு கட்டுப்பாடும் கேட்டபிறகு, கிட்டார் இல்லாமல் இருப்பதே நல்லது என்றுதான் தோன்றுகிறது. உண்மையில் கிட்டார் எதையாவது கூட்டுகிறதா?

#24 குழல்காரி

கூட்டுகிறது. டெனிஸ் காஹில் கேளுங்கள். சிகாகோக்காரர், 2022இல் காலமாகிவிட்டார். கிழக்கு கிளேர் ஃபிடில் கலைஞர் மார்ட்டின் ஹேய்ஸோடு பல வருடங்கள், பிறகு இருவரும் த க்ளோமிங் குழுவில். சில இடங்களில் ஒரு பாருக்கு இரண்டே சுரம் வைப்பார். சில இடங்களில் அதுவும் இல்லை. அந்த இரண்டு சுரம் வந்த பிறகு அதே மெட்டு எனக்கு வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. நான் ஆயிரம் தடவை வாசித்த மெட்டில், இந்த இடம் இவ்வளவு சோகமா என்று அவர் கிட்டார் சொல்லித்தான் தெரிந்தது.

#25 ஆறாம்தந்தி

காஹில் பெரியவர், மறுக்கவில்லை. ஆனால் அவர் வாசித்தது கச்சேரி மேடையில், ஒரே ஃபிடிலுக்கு, நிசப்தமான அரங்கில். சனிக்கிழமை இரவு பப்பில் பன்னிரண்டு பேர் நடுவில் பாருக்கு இரண்டு சுரம் வைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அங்கே பாத்தி பேண்ட் மாதிரி பின்னாலிருந்து தள்ள ஒரு கை வேண்டும். ஓ டோனலின் கிட்டாரும் லன்னியின் புசூக்கியும் சேர்ந்து ஓட்டும் ரீலில் பைப்பும் ஃபிடிலும் எவ்வளவு தைரியமாகப் பறக்கின்றன என்று கேளுங்கள். துணை என்றால் ஒதுங்கி நிற்பது மட்டும்தான் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

#26 குழல்காரி

தள்ளுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஓ டோனல் தள்ளுவார், வேகத்தைக் கூட்ட மாட்டார். எனக்குத் தெரிந்த கிட்டார்காரர்கள் தள்ளுகிறேன் என்று வேகத்தைக் கூட்டுகிறார்கள். மூன்றாவது மெட்டு வரும்போது என் ரோல் எல்லாம் வெறும் சுரமாகிவிடும், விரலுக்கு நேரமில்லை.

#27 ஆறாம்தந்தி

அதற்கு மறுப்பில்லை.

#28 மழைக்கோட்டு

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. டியில் ஒரு மெட்டு, அப்படியே ஜிக்குத் தாவுகிறார்கள் (சுருதி ஜி, ஆட்டம் ஜிக் இல்லை!). அந்தத் தாவும் பாரில் என்ன செய்வது? தெரியாத மெட்டு என்றால்?

#29 டிராப்டி

மூன்றாவது சுற்றின் கடைசி நான்கு பாரில் தொடங்குகிறவர் முகத்தைப் பாருங்கள். புருவம் தூக்குவார், சிலர் ஹப் என்று ஒரு குரல் விடுவார்கள். தாவும் பாரில் தட்டை நிறுத்தி நான்காவது தந்தியின் திறந்த டியை மட்டும் மெலிதாக விடுங்கள். டிக்கு டி வீட்டுச் சுரம். ஜி கார்டுக்குள்ளும் டி இருக்கிறது. ஏ டோரியனுக்குப் போனால்கூட பெரிய சேதமில்லை. இரண்டு மூன்று பார் கழித்து எங்கே இருக்கிறோம் என்று தெரிந்ததும் கார்டுக்கு வாருங்கள். அந்த இடைவெளியை அவர்கள் ரசனை என்று எடுத்துக்கொள்வார்கள், திருத்த வேண்டாம்.

தெரியாத மெட்டு என்றால் முதல் சுற்று கேளுங்கள். மூன்று சுற்றும் பிடிபடவில்லையா, பியர் குடியுங்கள். பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் அது மறுபடி வரும்.

#30 கில்பர்ன்காரன்

தம்பி, ஜூலையில் மில்டவுன் மல்பேக்குப் போங்கோ. உங்கட கிளேரிலேயேதான் இருக்கு. வில்லி கிளான்சி கோடைப் பள்ளி, பைப் கலைஞர் வில்லி கிளான்சி 1973இல் காலமான பிறகு அதே வருடம் தொடங்கினது. காலையில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் தெருவெங்கும் செஷன். கிட்டாரை அறையில் வைத்துவிட்டு முதல் இரண்டு நாளும் சும்மா சுற்றுங்கோ. துணைக்கருவி வாசிக்கிறவர்களின் வலது கையை மட்டும் பாருங்கோ.

போறதுக்கு முன்னால் ஒரு ஜிக்கைக் கீழ்-மேல்-கீழில் அடித்து இங்கே ஒலிப்பதிவு போடுங்கோ, பார்ப்பம். மெதுவாகவே போடுங்கோ, வேகம் கேட்கவில்லை.

#31 மழைக்கோட்டு

போடுகிறேன் அண்ணா. கெஷ் ஜிக் ஓகேயா? ஜி மேஜர்.

#32 குழல்காரி

ஓகே. பி இல்லாத ஜி.